வாபரின் குளிசை போடுகிறவர்கள் கொப்பியில் எழுத வேண்டியவை

வாபரின் என்பது இரத்தம் கட்டாமல் இருக்கத் தருகிற குளிசை. அதைப் போடுகிறவர்கள் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நாலு நிரல் வருகிற மாதிரிக் கோடு கீறுங்கள். திகதி, ஐ.என்.ஆர், எத்தனை மில்லிகிராம், என்ன மாறினது. ஐ.என்.ஆர் என்பது இரத்தம் உறைய எவ்வளவு சுணங்குகிறது என்று காட்டுகிற நம்பர். கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் கட்டும். முதல் மூன்றையும் ஆஸ்பத்திரியில் எழுதித் தருவார்கள். நாலாவதை நீங்கள்தான் எழுத வேணும். வன்னியில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இதய வால்வு மாற்றினவர்கள், காலில் இரத்தம் கட்டினவர்கள், நெஞ்சு ஒழுங்கில்லாமல் துடிக்கிறவர்கள் என்று யார் கொப்பியைக் கொண்டு வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த நாலாவது நிரலைத்தான். அனேகமாக அது வெறுமையாகத்தான் இருக்கும்.

அது ஏன் முக்கியம் என்று விளங்க, குளிசை உள்ளே செய்கிற வேலையைத் தெரிந்திருக்க வேணும். இரத்தம் உறையத் தேவையான காரணிகள் என்கிற புரதங்களில் பெரும்பாலானவற்றை ஈரல்தான் செய்கிறது. அவற்றில் 2, 7, 9, 10 ஆகிய நாலும் விற்றமின் கே இல்லாமல் முழுமையடையாது. கல்சியத்தைப் பிடிக்கிற பகுதி அவற்றில் அமையாது, கல்சியத்தைப் பிடிக்காத காரணி காயம்பட்ட இடத்தில் ஒட்டாது. விற்றமின் கே ஒருதரம் வேலை செய்ததும் செயலிழந்து போகும். வெறும் வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் இறக்குகிற மாதிரி, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஈரலில் ஒரு நொதியம் இருக்கிறது. வாபரின் தடுப்பது அந்த நொதியத்தை.

ஏற்கெனவே இரத்தத்தில் ஓடுகிற காரணிகளை வாபரின் தொடாது. அவை தாமாகக் குறைய வேணும். 7ஆம் காரணி ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் பாதியாகும். 2ஆம் காரணி பாதியாக இரண்டரை மூன்று நாள் பிடிக்கும். அதனால் இன்று குளிசையைக் கூட்டினால் முழுப் பலன் தெரியப் பல நாள் செல்லும். நாளைக்கே இரத்தம் சோதித்துக் குழம்பாதீர்கள்.

பெரும்பாலானோருக்கு ஐ.என்.ஆர் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேணும். இடப்பக்க மைற்றல் வால்வை உலோக வால்வாக மாற்றினவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை வைப்பது வழக்கம். உங்களுடைய இலக்கு எது என்று டொக்டரிடம் கேட்டு முன்மட்டையில் பெரிதாக எழுதுங்கள். இரத்தம் எடுக்கும்போதும் ஒரு கண் வையுங்கள். அந்தச் சிறு குழாய்க்குள் ஏற்கெனவே இரத்தம் உறையாமல் தடுக்கிற சித்திரேற்று மருந்து இருக்கும். ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு இரத்தம் வேணும். அடையாளக் கோடு வரை நிரப்பாவிட்டால் ஐ.என்.ஆர் பொய்யாகக் கூடிக் காட்டும். "மிஸ், கோட்டுக்குக் கீழே நிக்குது" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி நாலாவது நிரல். எல்லாரும் கேட்கிறது சாப்பாட்டைத்தான். "பிள்ளை, முருங்கையிலை தின்னலாமோ?" தின்னலாம். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி எல்லாவற்றிலும் விற்றமின் கே உண்டு. அதற்காக இலைக்கறியை அடியோடு நிறுத்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிழமைக்கு மூன்று நாள் தின்கிறவர் அதே மூன்று நாள் தின்னட்டும், அந்த அளவுக்குத்தான் குளிசை கணக்குப் பார்த்துத் தந்திருக்கிறார்கள். ஆபத்து திடீர் மாற்றத்தில் இருக்கிறது. மாரிக்கு முற்றமெல்லாம் கீரை முளைத்தது என்று தினமும் இலைக்கஞ்சி குடிக்கத் தொடங்கினால் ஐ.என்.ஆர் இறங்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தால் ஏறும். விரதம் பிடிக்க விருப்பமென்றால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிட்டுப் பிடியுங்கள்.

சாப்பாட்டை விட எனக்குப் பயம் மருந்துக்கடை. வாபரினை ஈரலில் உடைத்து வெளியேற்ற வேறு நொதியங்கள் இருக்கின்றன. வயிற்றோட்டத்துக்கும் பல்லுக்கும் கொடுக்கிற மெற்றோனிடசோல், சலக்கடுப்புக்குக் கொடுக்கிற கோட்ரைமொக்சசோல், பூஞ்சணத்துக்குக் கொடுக்கிற புளுகோனசோல் மூன்றும் அந்த நொதியத்தை அடக்கிவிடும். வாபரின் உடம்பில் தேங்கும், சில நாளிலேயே ஐ.என்.ஆர் எகிறும். காசநோய்க்குத் தருகிற றிபாம்பிசின் நேர்மாறு. நொதியத்தைப் பெருக்கி வாபரினை விரைவாக உடைக்கும், அதனால் டொக்டர் குளிசையைக் கூட்டுவார். காசநோய் மருந்து முடிகிற காலத்தில்தான் இன்னும் கவனம் வேணும். நொதியம் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு இறங்கும், கூட்டின வாபரின் அப்படியே இருந்தால் ஓரிரு கிழமையில் இரத்தம் கசியத் தொடங்கலாம். எந்தப் புது மருந்து தொடங்கினாலும், பழையதை நிறுத்தினாலும் கொப்பியில் எழுதி, எத்தனையாம் நாள் இரத்தம் சோதிக்க வேணும் என்று கேளுங்கள்.

அஸ்பிரினும் டைக்ளோபெனாக்கும் வேறு கதை. அஸ்பிரின், காயத்தை முதலில் அடைக்கிற குருதிச் சிறுதட்டுகளுக்குள் இருக்கிற ஒரு நொதியத்தை நிரந்தரமாக முடக்குகிறது. சிறுதட்டுக்குக் கரு இல்லை, புது நொதியம் செய்ய அதால் ஏலாது. ஒரு கிழமை, பத்து நாளில் புதுச் சிறுதட்டுகள் வரும்வரை அந்தப் பாதிப்பு நிற்கும். ஐ.என்.ஆரில் இது தெரியவே தெரியாது, நம்பர் நல்லாயிருக்க வயிறு இரத்தம் கசியும். இதய டொக்டர் தெரிந்தே அஸ்பிரினும் எழுதியிருந்தால் அது வேறு, நீங்களாக வாங்கக்கூடாது. நாரி நோவுக்குப் பனடோல் போடலாம். நாள் கணக்காக முழு அளவில் போட்டால் அதையும் எழுதுங்கள், அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். பரிகாரி தருகிற சூரணத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எந்த இடத்தில் ஊசி போடப் போனாலும் "வாபரின் போடுறன்" என்று முதலில் சொல்லுங்கள். தசைக்குள் போடுகிற ஊசியால் உள்ளே இரத்தம் கட்டும்.

வருத்தங்களும் நம்பரை மாற்றும். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தால், வயிற்றோட்டம் நீடித்தால், மஞ்சட்காமாலை வந்தால், கசிப்புச் சாராயத்தால் ஈரல் பழுதானால் ஐ.என்.ஆர் ஏறும். தைரொயிட் கூடினாலும் ஏறும், காரணிகள் வழமையை விட விரைவாக அழிந்துபோகும். டெங்கு என்றால் சிறுதட்டும் சேர்ந்து இறங்கும், வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

வயலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். கண்ணாடிப் புடையனின் விஷத்தில் 5ஆம், 10ஆம் காரணிகளைத் தாறுமாறாகத் தூண்டுகிற நொதியங்கள் இருக்கின்றன. காரணிகள் எல்லாம் செலவழிந்து, கடைசியில் இரத்தம் உறையாமல் போகும். கடிபட்டவருக்கு உறைதல் சோதனை செய்துதான் மருந்தேற்றுவதா என்று முடிவெடுப்பார்கள். நீங்கள் வாபரின் போடுகிறவர் என்று தெரியாவிட்டால் அந்தக் கணக்கு பிழைக்கும். வரம்புக்குப் போகும்போதும் சட்டைப் பையில் "வாபரின் போடுறன்" என்று எழுதின ஒரு கடதாசித் துண்டு இருக்கட்டும். களஞ்சியத்தில் வைக்கிற எலிப்பாசாணம் பலவும் வாபரின் தடுக்கிற அதே நொதியத்தைத்தான் தடுக்கின்றன, இன்னும் நீண்ட காலத்துக்கு. வாபரினே 1948இல் அமெரிக்காவில் எலிப்பாசாணமாகத்தான் கடைக்கு வந்தது. பிள்ளை அதை வாயில் வைத்தால், நல்லாய் ஓடி விளையாடினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இரத்தக் கசிவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

வால்வு மாற்றிய இளம் பெண்கள் மாதவிடாய் தள்ளிப்போனால் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்காதீர்கள். வாபரின் கருவைப் பாதிக்கும். நீங்களாகக் குளிசையை நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டும். அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

மலம் தார் நிறத்தில் போனால், சலம் சிவந்தால், மூக்கால் வடிகிற இரத்தம் நிற்காவிட்டால், மோட்டார் சைக்கிளால் விழுந்து தலை அடிபட்டால், சுகமாக இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் போக வேணும்.

குளிசையைப் பின்னேரம் ஒரே நேரத்துக்குப் போடுங்கள், கோயில் மணி கேட்கிற நேரம் வசதி. மறந்துவிட்டால் அன்றிரவுக்குள் போடலாம், விடிந்துவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள். நிறத்தை நம்பாமல் மில்லிகிராமைப் பாருங்கள், கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். மடுத் திருவிழாவுக்கோ வற்றாப்பளைப் பொங்கலுக்கோ போய்த் தங்குவதென்றால் கொப்பியும் குளிசையும் கையோடு இருக்க வேணும். ஐப்பசிக்கு முன்னம் கையிருப்பை எண்ணிப் பாருங்கள். குளம் வான்பாய்ந்து ரோட்டு மூடினால் கிளினிக்குக்குப் போக ஏலாது. அதற்கென்று மேலதிகமாக இரண்டு கிழமைக் குளிசை தரச் சொல்லி முந்தின கிளினிக்கிலேயே கேளுங்கள்.