அரணைக்கு இடம் ஒதுக்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தோட்டத்தில் அரணை நடமாடினால் பூச்சி குறையும் என்று சிலர் ஆசையாக நாலு கல்லை அடுக்கி வைப்பார்கள். ஒன்றுகூட வந்து தங்காது. பெரும்பாலும் காரணம், கல்லுக்கு நடுவே விட்ட இடைவெளி பெரிதாகிப்போனதுதான். தாராளமாக இருந்தால் வசதி என்பது மனிதக் கணக்கு. அரணைக்கோ முதுகு மேல்கல்லில் உரச வேண்டும், வயிறு கீழ்க்கல்லில் படிய வேண்டும். சாவகாசமாகத் திரும்ப இடமிருந்தால், அங்கே கீரியின் கையும் பாம்பின் தலையும் நுழைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கத்துப் பாறைகளில் வாழும் ஒரு பல்லியினம், வெயில் படும் கற்களிலும் இடுக்கு குறுகலாக உள்ளதைத்தான் தேடிப் பிடிக்கிறது. அதைத் தின்னும் பாம்புக்கு அந்த இடுக்கில் நுழைவது கஷ்டம். அதனால் சின்ன அரணைக்குச் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி போதும். பெரியதுக்குக் கட்டைவிரல்.

அடுத்தது வெயில். அடர்ந்த மாமர நிழலில் வைத்த கல் சூடேறாது. உடல் சூட்டுக்கு வெயிலை நம்பும் பிராணிக்கு அதனால் பயனில்லை. மெல்லிய கூரை ஓடு ஒன்றை மொட்டை வெயிலில் போட்டால் நண்பகலில் அடுப்பாகிவிடும். காலை வெயில் விழுந்து, மதியம் நிழல் வருகிற இடத்தில் தடித்த பலகைக்கல் வையுங்கள்.

சுற்றிலும் சருகைப் பெருக்கித் துடைத்து வைப்பதும் கெடுதல்தான். அரணை வெளியே வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் மூக்கு, அப்புறம் தலை. நாக்கை நீட்டி இழுத்து, அசையாமல் காத்திருக்கும். முழு உடம்பும் வெளிவர நேரமாகும். வளையை விட்டு எவ்வளவு தள்ளி மேய்கிறதோ, அவ்வளவு சீக்கிரமே மிரண்டு ஓடும். ஒளியச் சருகில்லாத வெட்டவெளியில் செம்போத்தின் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. வீட்டுப் பூனை அதைவிட மோசம், பசியில்லாமலும் கொல்லும்.

ஓணானுக்குக் கல் தேவையில்லை. இரவில் மெல்லிய கிளை நுனியில் ஒட்டிப் படுத்திருக்கும். பாம்பு ஏறினால் கிளை ஆடி எழுப்பிவிடும். வேலியின் நுனிகளை எல்லாம் ஒரே நாளில் ஒட்ட நறுக்கினால் அது தூங்க இடமில்லை.

அப்புறம், வாலைப் பிடிக்கும் வேலையே வேண்டாம். அரணையும் பல்லியும் வாலைக் கழற்றிவிட்டுத் தப்பும். ஆனால் அரணை கொழுப்பைப் பெரும்பாலும் சேர்ப்பது வாலில்தான். புதிதாக வளரும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். ஓணானுக்கு அந்த வித்தையும் கிடையாது. அரணை கடித்தால் மரணம் என்பது சும்மா. அதற்கு நஞ்சே இல்லை.

உள்ளே இருக்கிறதா என்று தினமும் கல்லைப் புரட்டாதீர்கள். கல் பழையபடி பொருந்தாவிட்டால் இடுக்கும் ஈரமும் போய்விடும். வெறுங்கையால் புரட்டுவது உங்களுக்கும் ஆபத்து. தேளும் சுருட்டை விரியனும் தேடுவது இதே மாதிரி இடுக்கைத்தான். ஆகவே கற்குவியலை வாசற்படியை ஒட்டியும், குழந்தைகள் விளையாடும் பக்கமும் வைக்க வேண்டாம். கொல்லைக் கோடியில் இருக்கட்டும்.