டெக்சாஸில் ஷாட்கன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கடைக்கு போன் செய்யுங்கள்

டாலஸுக்குப் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். பறந்து போகும் களிமண் தட்டை ஷாட்கனால் சுடும் டிராப் ஷூட்டிங்கில் எனக்கு உயிர். புதிதாக வரும் நம்மவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு, அப்புறம் ஏன் கடையில தர மாட்டேங்கிறாங்க?" சட்டம் சொல்வதற்கு மேலும் கடை தன் விதியைப் போட்டுக்கொள்ளலாம். விற்க மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. கவுண்டரில் நின்று சட்டம் பேசிப் பயனில்லை. அதனால் கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்க முடியாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை ஏற்பார்களா என்று கடையிலேயே கேளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். அந்த அட்டையைக் கையோடு கொண்டு போங்கள், அதிலுள்ள எண்ணை 4473 படிவத்தில், அதாவது துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் மத்திய அரசுப் படிவத்தில், எழுத வேண்டும்.

அடுத்தது பெயர். நமக்குத்தான் இதில் பாடு அதிகம். டிரைவிங் லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். சட்டப்படியான பெயரிலேயே வெறும் இனிஷியல்தான் என்றால், அதன் பக்கத்தில் 'ஐ.ஓ.' (இனிஷியல் மட்டும்) என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும். நடுப்பெயர் இல்லையென்றால் 'என்.எம்.என்.' என்று எழுதுங்கள். இரண்டும் படிவத்தின் குறிப்பிலேயே இருக்கின்றன. இதைப் பார்க்காத விற்பனையாளர் அப்பா பெயரை நடுவில் போடச் சொன்னால், பொறுமையாக அந்த இடத்தைக் காட்டுங்கள். வீடு மாறி லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால் வண்டியின் பதிவுச் சான்று போன்ற அரசு ஆவணம் வேண்டும். தனியார் கம்பெனியின் கரண்ட் பில் செல்லாது.

பிறகு வாங்குபவரின் பின்னணியைப் பார்க்க எஃப்.பி.ஐ. நடத்தும் நிக்ஸ் சோதனை. 'ப்ரொசீட்' (விற்கலாம்) என்று பதில் வந்தால் அன்றே கையில் கிடைக்கும். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடியேற்றப் பதிவுகளையும் பார்ப்பதால் 'டிலேட்' (முடிவு தாமதம்) வர வாய்ப்பு உண்டு. மூன்று வேலை நாள் கழிந்தும் பதில் வராவிட்டால் கடை விற்கலாம் என்கிறது மத்திய சட்டம். ஆனாலும் பல கடைகள் தருவதில்லை. 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டவன், மூன்று நாளில் பதில் வராததால்தான் துப்பாக்கி வாங்க முடிந்தது. ஆகவே கடைக்காரர்கள் காத்திருப்பதில் எனக்குக் கோபமே இல்லை. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு அப்புறம் இதைச் சொல்வதுதான் அநியாயம். ஒரு கடையில் எனக்கு அப்படி நடந்தது. வேண்டாம் என்றதும் ரத்துக் கட்டணம் வேறு பிடித்தார்கள். ஆகவே கார்டை நீட்டும் முன் கேளுங்கள்: டிலே வந்தால் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்? அடிக்கடி டிலே வருகிறவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்து, அடுத்தடுத்த சோதனைகளில் ஆளை அடையாளம் காட்டும் யூபின் எண் வாங்கிக்கொள்ளலாம், இலவசம்தான்.

கல்லூரி ஷூட்டிங் அணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வயது ஒரு தடை. ஷாட்கனுக்கு மத்திய சட்டத்தில் 18 போதும். ஆனால் 2018இல் வால்மார்ட்டும், விளையாட்டுச் சாமான் விற்கும் டிக்ஸ் கடைகளும் 21 ஆக்கிவிட்டன. ஊரிலுள்ள சிறிய டீலர்களை விசாரியுங்கள். 21க்குக் கீழ் என்றால் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி சோதனை 10 வேலை நாள் வரை போகலாம், போட்டிக்கு முன்பே திட்டமிடுங்கள்.

அதற்காகப் பிள்ளையின் பணத்தில் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது குற்றம், சிறை வரை போகும். உங்கள் சொந்தப் பணத்தில் பரிசாகத் தரலாம். ஆனாலும் ஒருவர் தேர்ந்தெடுக்க இன்னொருவர் பணம் கட்டினால் விற்பனையாளர் நிறுத்திவிடுவார். யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலான கடைகள் விற்ற துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதில்லை. துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் வைத்துப் பாருங்கள், கன்னம் சரியாகப் படிகிறதா, நீளம் ஒத்து வருகிறதா, குழலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.