பத்தில் ஒன்பது குழந்தைகள் வீட்டில்: நான் எழுதிய தவறான வரி

போன மாதம் ஒரு தம்பி தன் முதல் மதிப்பீட்டு அறிக்கையை அனுப்பி, "ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றான். பிள்ளையை ஹோமில், அதாவது குழந்தைகள் இல்லத்தில், விடும் நிலைக்கு வந்த குடும்பங்களுக்குச் சில வாரங்கள் ஒரு களப்பணியாளர் விடாமல் போய் உதவுகிற திட்டம். மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில், 'பத்தில் ஒன்பது குழந்தைகள் இல்லத்துக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டனர்' என்று இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் நானே எழுதிய வரி அது. 'தடுக்கப்பட்டனர்' என்ற சொல்கூட மாறவில்லை.

வயதுக் கட்டம் காலி, கையெழுத்து இல்லை, ஒரே குடும்பம் இரண்டு தடவை பதிவு என்பதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். முடிவையே பொய்யாக்குகிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

போகாதவர்களை மட்டும் எண்ணுவது

என் அறிக்கையை ஒரு மாவட்டக் கூட்டத்தில் வாசித்து முடித்ததும், ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர் கேட்டார்: "நீங்க போகலைன்னா இதுல எத்தனை பிள்ளைங்க ஹோமுக்குப் போயிருக்கும் தம்பி?"

"எல்லாமே ஆபத்துல இருந்த குடும்பம் ஐயா."

"யாரு சொன்னா?"

ஐந்து ஃபைல் எடுத்து வரச் சொன்னார். முதல் ஃபைலில் 'ஆபத்து: அதிகம்' என்று டிக், காரணம், 'தந்தை குடி'. அம்மா இட்லிக் கடை போடுகிறார், ஆத்தா கூடவே இருக்கிறார், பிள்ளை ஒருநாள் பள்ளிக்கு மட்டம் போட்டதில்லை. ஹோமுக்கு மனு போட்டதாக எங்கேயும் ஒரு காகிதம் இல்லை. மார்ச்சுக்குள் இத்தனை குடும்பம் என்று இலக்கு இருந்தது. கதவைத் திறந்தவர்களை எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். ஐந்தில் நான்கு ஃபைல் இப்படி.

தலைகுனிவு அன்றோடு போயிற்று. ஆனால் என் அறிக்கையை வைத்து அடுத்த வருஷம் அதே ஆள்சேர்ப்பு முறையோடு இன்னும் இரண்டு ஒன்றியங்களுக்குத் திட்டம் போனது. புருஷன் இறந்து மூன்று மாதமான ஒரு பெண், இரண்டு மகள்களுக்கும் டிசி வாங்கி, ஹோம் விண்ணப்பத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பட்டியல் நிரம்பிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

அமெரிக்காவில் இதே வழுக்கலில் பெரிய ஆட்களே விழுந்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் 1974-ல் தொடங்கிய ஹோம்பில்டர்ஸ்தான் இந்த வகைத் திட்டங்களுக்கு மூத்தது. ஒரு பணியாளருக்கு ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்கள், நான்கிலிருந்து ஆறு வாரம், எந்நேரமும் கூப்பிடலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆரம்பகால மதிப்பீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே தங்கியதாகத் தெரிந்தது. திட்டம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. பிறகு இல்லினாயில் 1,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். சேவை கிடைக்காத பக்கத்திலும் உடனே வீட்டைவிட்டு எடுக்கப்பட்ட பிள்ளைகள் சிலரே. போகவே போகாத பிள்ளையைத் தடுத்தேன் என்று யார் சொல்ல முடியும்? கென்டக்கி, நியூ ஜெர்சி, டென்னசி மாநிலங்களில் நடந்து 2002-ல் வெளியான மத்திய அரசு ஆய்விலும், பிள்ளைகளைப் பிரிப்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

உடனே 'திட்டமே வீண்' என்று மறுபக்கம் சாயாதீர்கள். மருந்து சரியா என்று தெரிய முதலில் நோயாளிக்குக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளையை ஹோமுக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழு முன்னால் வந்துவிட்ட குடும்பம், ஹோமில் மனு கொடுத்த குடும்பம் என்று வாசலை இறுக்குங்கள். இடத்தைவிட ஆட்கள் அதிகமானால் குலுக்கிப் போட்டு, காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களையும் அதே தேதிகளில் போய்ப் பாருங்கள். பிள்ளைக்கு அடிதடி ஆபத்து இருந்தால் குலுக்கல் கூடாது. அது நேரே குழுவுக்குப் போகவேண்டிய கேஸ். எண்ணிக்கை சிறிதென்றால், சேர்க்கும் அன்றே எழுதி வையுங்கள்: பிள்ளையை அனுப்பப் போவதாகச் சொன்னது யார், எந்த ஹோமுக்கு, எந்தத் தேதியில்.

மே மாதத்தில் ஃபாலோ-அப்

ஹோமும் விடுதியும் லீவு. எல்லாப் பிள்ளையும் வீட்டில்தான் இருக்கும். "இங்கதான்யா இருக்கான்" என்று ஒரு பாட்டி சொல்ல, நானும் டிக் போட்டேன். திண்ணையில், பையன் பெயர் பெயின்டில் எழுதிய பச்சை டிரங்குப் பெட்டி பூட்டுடன் இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. ஜூலையில் போங்கள். படிவத்தில் 'இல்லம்' என்று மட்டும் இருந்தால் அரசு விடுதியும் சித்தி வீடும் கணக்கிலேயே வராது. 'நேற்று ராத்திரி எங்கே தூங்கினான்?' என்று கேளுங்கள்.

மாதம் 4,000 ரூபாயை மறப்பது

குழந்தைகளுக்கான அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு அதே வீட்டுக்கு வந்துகொண்டிருக்கலாம். பிள்ளை வீட்டில் தங்கியது அந்தப் பணத்தாலா, நம் திட்டத்தாலா என்று தெரியாது. பாஸ்புக்கைக் கேளுங்கள்.

களப்பணியாளரே மதிப்பெண் போடுவது

வீட்டுச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது குடும்ப நிலைக்கு முதல் மதிப்பெண், ஆறு வாரம் கழித்து அடுத்தது. யாருமே போகாவிட்டாலும் பாதி தானாகத் தணிந்திருக்கும். மீதியை, தன் கேஸ் என்கிற பாசம் ஏற்றிவிடும்.

'வீட்டில் இருக்கிறான்' என்றால் 'நன்றாக இருக்கிறான்'

அடி வாங்கிக்கொண்டும் இருக்கலாம்.

புகார் கூடினால் பயப்படுவது

வாரம் மூன்று தடவை வீட்டுக்குள் போகிறவர் கண்ணில், வருஷம் ஒரு தடவை போகிறவர் பார்க்காத சூட்டுத் தழும்பு படும்; 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்வார். அதனால் திட்டக் குடும்பங்களில் புகார் அதிகமாகத் தெரியும். இதை மறைத்த அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன், தோல்வி என்று எழுதியவற்றையும் பார்த்திருக்கிறேன். புகாரைக் கொடுத்தது யார் என்று ஒரு கட்டம் சேர்த்தால் விஷயம் பிரிந்துவிடும்.

வீட்டு வருகைகளின் எண்ணிக்கை

பெட்ரோல் பில்லுக்கு ஆகும்.

தம்பி திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறான். மூன்றாம் பக்கத்து வரி போய்விட்டது, காத்திருப்போர் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. ஃபாலோ-அப் தேதி மட்டும் இன்னும் மே 14.