கட்டணம் இல்லை என்றதும் தலையாட்டுவதற்கு முன்

அமெரிக்காவின் வட கரோலினாவில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியில் இருந்துகொண்டே சமுதாயக் கல்லூரியிலும் படிக்கலாம். 'கேரியர் அண்ட் காலேஜ் பிராமிஸ்' என்ற இந்தத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. வெல்டிங், நர்ஸ் எய்ட் (நர்ஸுக்கு உதவியாளர் வேலை), ஆட்டோமொபைல் என்று தொழிற்பிரிவுகளும் உண்டு. மாநிலத்தின் மற்ற மாணவர்கள் ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 76 டாலர் கட்ட, இவர்களுக்கு அது தள்ளுபடி. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றிலேயே 228 டாலர் மிச்சம்.

'இலவசம்' என்ற சொல்லில்தான் நம்மவர்கள் முதலில் சறுக்குகிறார்கள். தள்ளுபடி ஆவது பாடக் கட்டணம் மட்டும். புத்தகச் செலவைச் சில இடங்களில் பள்ளி மாவட்டம் ஏற்கும், சில இடங்களில் நம் தலையில் விழும். வெல்டிங்கிற்கு ஹெல்மெட், கையுறை, பூட்ஸ். நர்ஸ் எய்டுக்குத் தடுப்பூசிச் சான்று, கடைசியில் மாநிலத் தேர்வுக் கட்டணம். சேருமுன் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நாங்களே பட்டது. என் மகன் வெல்டிங் வகுப்பில் சேர்ந்து நான்காவது வாரம் நின்றுவிட்டான். "ஸ்கூல் கவுன்சிலரிடம் சொல்லிட்டேன்பா" என்றான். பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் சொன்னால் மட்டும் கல்லூரிப் பதிவேட்டில் பெயர் நீங்காது என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செமஸ்டர் முடிவில் 'ஃபெயில்' என்ற எஃப் வந்து நின்றது.

பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். பாடத்தின் நாட்களில் பத்து சதவீதம் முடியும்போது, அதாவது பதினாறு வார செமஸ்டரில் இரண்டாம் வாரவாக்கில், கல்லூரி தலை எண்ணுகிறது. மாநிலம் கல்லூரிக்குத் தரும் பணம் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. அதற்குள் விலகினால் தடயம் இருக்காது. அப்புறம் முறைப்படி விலகினால், விலகியதைக் காட்டும் டபிள்யூ; விலகாமலே வகுப்புக்குப் போவதை நிறுத்தினால் எஃப். இரண்டு பாடங்கள் முடித்தபின் மதிப்பெண் சராசரி (நாலுக்கு) 2.0-க்குக் கீழே போனால் திட்டத்தில் தொடர்வதே சிக்கல். பின்னாளில் மத்திய அரசின் கல்வி உதவிக்குப் போகும்போதும் பழைய டபிள்யூவும் எஃப்பும் முடிக்காத பாடங்களாகக் கணக்கில் வரலாம். ஆன்லைன் வகுப்பென்றால் சும்மா லாகின் செய்வது வருகை ஆகாது. தலை எண்ணுமுன் முதல் வேலையையாவது செய்து அனுப்ப வேண்டும்.

'கல்லூரி கிரெடிட்தானே, பல்கலைக்கழகத்தில் ஏற்றுக்கொள்வார்கள்' என்பது இன்னொரு நினைப்பு. தொழிற்பிரிவுகள் சிலவற்றில் வரும் எம்ஏடி 110 கணக்குப் பாடம் அந்தச் சான்றிதழுக்குச் சரி. இன்ஜினியரிங் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்கு எம்ஏடி 171 வேண்டும். 110 அங்கே உதவாது. இஎன்ஜி 111 ஆங்கிலமோ மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படியே போகும். தொழிற்பாடம் வீண் என்று சொல்லவில்லை. பதினெட்டு வயதில் கையில் வேலைக்கான சான்றிதழ் இருப்பது, என்னைக் கேட்டால், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் நான்கு ஏபி பாடங்களுக்குக் குறைந்ததல்ல. எதற்குச் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, ஆசிரியருக்கு போன் போட்டு "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்காதீர்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், பதினாறு வயதானாலும், அந்தப் பதிவுகள் மீதான உரிமை சட்டப்படி மாணவனுக்குப் போய்விடுகிறது. அவன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்லூரி தயங்காமல் நம்மிடம் பேசும். எங்கள் வீட்டில் அந்தப் படிவம் இரண்டு மாதமாக ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது.