மறுவெளியீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு தாழ்ந்த எஃப்-100: 1953 ஃபோர்டு பிக்கப் மாடலைக் கட்டுவதும் மாற்றியமைப்பதும்

நிஜ வண்டியின் இருபத்தைந்தில் ஒரு பங்காக, அதாவது 1/25 அளவில், பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நிஜ வண்டியின் ஓர் அங்குலம் மாடலில் 1.016 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பழைய பிக்கப்பின் கூரையை மூன்று அங்குலம் தாழ்த்தினார்கள் என்று எங்கேனும் படித்தால், சாதாரண ஸ்கேலில் மூன்று மில்லிமீட்டர் அளந்து கோடு போட்டுவிடலாம். கணக்கு எதுவும் தேவையில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தச் சமன்பாட்டையே நம்பியிருக்கிறது.

எடுத்துக்கொள்ளும் வண்டி, ஏஎம்டி நிறுவனத்தின் 1953 ஃபோர்டு எஃப்-100 பிக்கப். ஃபோர்டு நிறுவனம் தனது 50-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்த வண்டிதான் எஃப்-100 என்ற பெயரைத் தாங்கிய முதல் வண்டி. இதற்கு முந்தைய எஃப்-1 வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 114 அங்குலமாக இருந்தது. முன் சக்கரங்களின் அச்சைப் (ஆக்சிலைப்) பின்னோக்கி நகர்த்தி அதை 110 அங்குலமாகக் குறைத்ததால், வண்டி குறுகிய இடத்திலும் எளிதாகத் திரும்பியது. பிற்காலத்தில் ஹாட் ராட், அதாவது பழைய வண்டிகளை மாற்றியமைத்துக் கட்டுபவர்கள், 1953 முதல் 1956 வரையிலான வண்டிகளை ‘எஃபி’ என்று செல்லமாக அழைத்து விரும்பி எடுத்துக்கொண்டதற்கு, இந்தத் திருத்தமான உடல்வாகும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஏஎம்டி 1948-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனம். கார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கான சிறு கார்களைச் செய்துதான் அது வளர்ந்தது. இன்று அந்தப் பெயரில் மாடல்களை வெளியிடுவது ரவுண்ட் 2 என்ற நிறுவனம். மறுவெளியீடு என்றால் பெரும்பாலும் பெட்டியின் படமும், ஒட்டுப்படங்களும், சில வேளைகளில் டயர்களும் மட்டுமே புதியவை. பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சு பழையது. பலமுறை ஓடிய அச்சில் இரு பாதிகள் சேரும் விளிம்பு தேய்ந்திருக்கும். அதனால் பாகங்களின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். தடித்த இடங்களில் பிளாஸ்டிக் ஆறும்போது உள்வாங்கிய பள்ளங்களும் இருக்கும். இவை குறையல்ல, பழைய அச்சின் இயல்பு. இவற்றைச் சரிசெய்ய மனமில்லாதவர்கள் புதிதாக அச்சு வெட்டப்பட்ட மாடல்களை வாங்குவது நல்லது. எனக்கோ இந்தப் பிசிறை நீக்கும் வேலைதான் வண்டியோடு பழகும் முதல் கட்டம்.

பெட்டியைத் திறந்ததும்

பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிரிக்காமலேயே, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரப் பூசப்படும் எண்ணெய்ப்பசை மீதமிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. துணியால் துடைக்காமல் நிழலில் உலரவிடுங்கள். கண்ணாடிப் பாகங்களைத் தனியே உறையில் போட்டுப் பெட்டிக்கு வெளியே வைத்துவிடுங்கள். கடைசி நாள் வரை அவற்றுக்கு வேலையில்லை.

பாகங்களைப் பிரிக்கக் கூரிய நிப்பர் வேண்டும். சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 800 வரை நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு, மட்கார்டின் வளைவிலும் கேபினின் தூண்களிலும் மெல்லிய முகடாக ஓடும். கத்தியின் கூர்முனையால் அல்லாமல் அதன் முதுகால் சுரண்டினால் அது சுருளாக உரிந்து வரும். பள்ளங்களுக்கு, கார் பட்டறையில் செய்வதைப் போலவே, பட்டி பார்க்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அப்பினால் பட்டி சுருங்கி மீண்டும் பள்ளம் விழும். மெல்லிய இரண்டு பூச்சுகளை ஒரு நாள் இடைவெளியில் இடுங்கள்.

நிற்கும் உயரமே முதல் முடிவு

மாற்றியமைப்பு என்றதும் பலரும் நிறத்தையும் சக்கரத்தையும் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஒரு பிக்கப்பின் தோற்றத்தைத் தீர்மானிப்பது அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதே. இதைப் பெயிண்ட் அடித்த பிறகு மாற்ற முடியாது. ஆகவே பசையைத் தொடுவதற்கு முன், சேஸிஸ் எனும் அடிச்சட்டம், சக்கர அச்சுகள், சக்கரங்கள், கேபின், முன் மட்கார்டுகள், சரக்குத் தொட்டி ஆகிய அனைத்தையும் மாஸ்கிங் டேப்பால் மட்டும் ஒட்டி வண்டியை நிறுத்திப் பாருங்கள். கண்மட்டத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதற்குக் கொடுக்கலாம்.

அசல் வண்டியின் முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்குகள் (அடுக்குப் பட்டை வில்கள்) உண்டு. முன்பக்கம் ஒரே துண்டாலான இரும்பு அச்சு. முன்பக்கத்தைத் தாழ்த்த இரண்டு வழிகள் உள்ளன. மாடலில் ஸ்பிரிங் வந்து பொருந்தும் மேடைகளைத் தேய்த்து ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் குறைப்பது எளிய வழி. அதற்கு மேல் வேண்டுமெனில், ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் அச்சை வெட்டி எடுத்து ஸ்பிரிங்குக்கு மேலே ஒட்ட வேண்டும். இதனால் ஸ்பிரிங்கின் தடிமனும் அச்சின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி இறங்கும். பின்பக்கத்தையும் இதே முறையில் இறக்கலாம், ஆனால் அங்கே அச்சு உயர்ந்ததும் சேஸிஸ் சட்டத்தில் இடிக்கும். நிஜப் பட்டறைகளில் அந்த இடத்தில் சட்டத்தின் அடிப்பக்கத்தை ‘சி’ எழுத்தின் வடிவில் குடைந்து, மேலே இரும்புத் தகடு வைத்து வலுப்படுத்துவார்கள். நாமும் வட்ட அரத்தால் அப்படியே குடைந்து, 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை மேலே ஒட்டினால் போதும். வண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்களுக்கு அந்த வேலை ஏன் செய்யப்பட்டது என்பது தானே விளங்கும்.

எனக்குப் பிடித்த அளவு, முன்பக்கம் நான்கு மில்லிமீட்டர், பின்பக்கம் இரண்டரை. 1953 வண்டியின் முன் சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவே அமைந்திருப்பதால், இந்த அளவுக்கு இறக்கியதும் டயரின் மேல்விளிம்பு வளைவுக்குள் புகுந்து, வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தெரியும். இறக்கிய பிறகு சக்கரத்தைத் திருப்பி, டயர் உள்பக்கம் உரசுகிறதா என்று பார்த்து, உரசும் இடத்தில் மட்கார்டின் உட்பக்கத்தை மட்டும் தேய்த்து மெலிதாக்குங்கள்.

நான்கு சக்கரங்களும் தரையில் படிகின்றனவா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. வண்டியைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கும் கீழே மெல்லிய காகித நறுக்கைச் செருகிப் பாருங்கள். மூன்று இடங்களில் காகிதம் தடைபட்டு, ஓர் இடத்தில் வழுக்கி உள்ளே போனால், அந்த மூலை தூக்கியிருக்கிறது. சேஸிஸ் முறுக்கிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சூடான நீரில் சிறிது நேரம் காட்டி எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருகினால் சரியாகும்.

கூரையைத் தாழ்த்துதல்

இது விருப்பத்துக்குரிய வேலை. முதல் மாடலில் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். செய்வதானால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். கேபினின் தூண்களைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் அகல மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மெல்லிய ரம்பத்தால், ஒவ்வொரு தூணாக, பக்கம் மாற்றி மாற்றி அறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை முழுவதும் அறுத்துவிட்டு மறுபக்கம் போனால் கேபின் திருகிக்கொள்ளும்.

கூரையைக் கீழே வைத்ததும் தூண்கள் நேருக்கு நேர் சேராது. முன் கண்ணாடியின் தூண்கள் மேலே போகப் போகப் பின்னோக்கிச் சாய்வதால், நடுவே ஒரு பகுதியை எடுத்ததும் மேல் பாதி பின்னால் தள்ளி நிற்கும். மூன்று மில்லிமீட்டர் குறைப்பில் இந்த விலகல் சிறியதுதான். கீழ்த் தூணின் அடியில் பாதி ஆழத்துக்குக் கீறி, அதைச் சற்றுப் பின்னுக்கு வளைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். இணைப்பின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் தகட்டின் சிறு துண்டு வைத்து வலுப்படுத்துங்கள். பெட்டியில் வந்த கண்ணாடி இனிப் பொருந்தாது, 0.25 மில்லிமீட்டர் தெளிந்த தகட்டில் காகித மாதிரி வைத்து வெட்டிக்கொள்ளலாம். முன் கண்ணாடி லேசாக வளைந்த ஒற்றைத் துண்டு என்பதை மறக்காதீர்கள். கேபினைச் சுற்றி வளையும் கண்ணாடி 1956 வண்டிக்கே உரியது.

கதவுப் பிடியை நீக்குவது இதைவிட எளிது. சீவி எடுத்து, தேய்த்து, பிரைமர் அடித்ததும் தழும்பு தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

நிறம்

அசல் நிறத்தில் முடிக்க விரும்புபவர்களுக்கு ஃபோர்டின் வெர்மிலியன் சிவப்பு அழகாக இருக்கும். ஸ்ப்ரே டப்பாவைச் சில நிமிடம் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைத்தால் துளிகள் மெலிதாக விழும்; அடுப்பருகே ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. முதல் பூச்சு தூசி படிந்ததுபோல், இரண்டாவதும் மூன்றாவதும் ஈரமாக. கேபின், பானட், மட்கார்டுகள், தொட்டி ஆகியவற்றை ஒரே நாளில், ஒரே டப்பாவில் அடியுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் (விரைந்து உலரும் பெயிண்ட் வகை) அடித்தால், காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெளுத்துப் புகைபோல் தெரியும். வறண்ட நாள் வரும்வரை காத்திருப்பதே நல்லது. மெதுவாக உலரும் எனாமல் பூச்சின் மேல் லாக்கர் அடித்தால் சுருக்கம் விழும். லாக்கர் மேல் எனாமல் தாங்கும்.

பானட்டின் முகப்பில் புடைத்து நிற்கும் சின்னத்தைத் தூரிகையால் வெள்ளிப் பூச முயல வேண்டாம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே சின்னத்தின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய உலோகத் தாளை வைத்து அழுத்திவிடுங்கள். நிறப் பூச்சு முடிந்ததும், பல்குத்தும் குச்சியில் சுற்றிய துணியை மிகச் சிறிதளவு தின்னரில் தொட்டு, புடைப்பின் உச்சியை மட்டும் தடவுங்கள். நிறம் கரைந்து, அடியிலிருக்கும் உலோகம் எழுத்தின் வடிவத்திலேயே பளிச்சென வெளிப்படும். முதன்முறை இதைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

குரோம், டயர், எஞ்சின்

குரோம் பூசிய பாகங்களில் பசை ஒட்டாது. சேரும் இடத்தில் பூச்சைச் சுரண்டிய பிறகே ஒட்ட வேண்டும். பிசிறு அதிகமிருந்தால், வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் திரவத்தில் ஊறவைத்து முழுப் பூச்சையும் எடுத்துவிட்டு, சுத்தம் செய்து, பளபளப்பான கறுப்பின் மேல் குரோம் பெயிண்ட் அடிக்கலாம். ப்ளீச்சோடு அமிலம் கலந்த எதையும் சேர்க்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வினைல் டயர்களிலிருந்து கசியும் எண்ணெய் போன்ற பொருள் பிளாஸ்டிக்கை அரிக்கும். நான் கட்டிய ஒரு பழைய மாடலில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அலமாரியிலிருந்து எடுத்தபோது, சக்கர விளிம்பு டயருக்குள் உருகிப் பதிந்திருந்தது. அதன் பிறகு, டயர் தொடும் விளிம்பு முழுவதையும் உலோகத் தாளால் சுற்றாமல் நான் எந்தச் சக்கரத்தையும் மாட்டுவதில்லை.

அசல் தோற்றம் வேண்டுமெனில் எஞ்சின் 239 கன அங்குல ஃபிளாட்ஹெட் வி8 ஆக இருக்க வேண்டும். 1932-இல் தொடங்கிய அந்த எஞ்சின் குடும்பம், அமெரிக்க ஃபோர்டு வண்டிகளில் 1953-ஆம் ஆண்டோடு முடிந்தது. வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் தலைப்பகுதி தட்டையாக இருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் மேலிருந்தே தெரியும். ஆகவே வயர் போட இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது. 0.4 மில்லிமீட்டர் கறுப்பு வயரில் எட்டுத் துண்டுகள் பிளக்குகளுக்கு, ஒன்று காயிலுக்கு. வரிசைப்படி இணைக்க விரும்புபவர்களுக்கு, சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-4-8-6-3-7-2. முதல் நான்கு எண்கள் பயணி அமரும் பக்கத்தில் உள்ளவை. ரேடியேட்டரின் மேல்பக்கத்திலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் வர வேண்டும். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் பம்பும் இரண்டு.

தொட்டியும் இறுதி இணைப்பும்

சரக்குத் தொட்டியின் தளம் மரப்பலகைகளாலும் அவற்றுக்கிடையே ஓடும் இரும்புப் பட்டைகளாலும் ஆனது. வெளிர் பழுப்பு நிறத்தை அடித்து உலர்ந்ததும், கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தடவி, கிட்டத்தட்ட உலர்ந்த தட்டைத் தூரிகையால் பலகையின் நீளவாக்கில் மட்டும் இழுத்தால் மரத்தின் ரேகைகள் வந்துவிடும். பட்டைகளுக்கு உலோகத் தாள்.

கண்ணாடிகளுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மட்டும். விரைந்து ஒட்டும் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படிந்துவிடும். சேஸிஸின் மேல் முதலில் கேபின், பிறகு தொட்டி, கடைசியில் முன் மட்கார்டுகளும் கிரில்லும் என்ற வரிசையில் ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் காகித நறுக்குச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பின்கதவைத் திறந்த நிலையில் வைப்பதானால், நகைக்கடையில் கிடைக்கும் மிக மெல்லிய சங்கிலியை இருபுறமும் மாட்டுங்கள். கதவு தொட்டியின் தளத்தோடு ஒரே மட்டத்தில் நிற்கும்போது சங்கிலி தொய்வில்லாமல் இருக்க வேண்டும். ஒரு கண்ணி அதிகமானால் வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள்.