டிராட் பழகும்போது கடிவாள வாரில் தொங்காதீர்கள்

குதிரையில் உட்கார்ந்து நடக்கப் பழகியதும் எல்லோருக்கும் அடுத்த கண் டிராட் மீதுதான், அதாவது நடைக்கு அடுத்த மெல்லோட்டத்தின் மீது. கோலாலம்பூரில் வார இறுதி வகுப்புகளில் புதியவர்களுக்கு உதவப் போகும்போது, நானும் என்கூடக் கற்றவர்களும் அந்தக் காலத்தில் செய்த அதே தப்புகளைத்தான் இன்றும் பார்க்கிறேன். ஹெல்மெட் போடுங்கள், குதிகால் வைத்த காலணி அணியுங்கள், ஏறுமுன் சேணத்தின் வயிற்று வாரைச் சரிபாருங்கள் என்பதையெல்லாம் உங்கள் கோச் முதல் நாளே சொல்லியிருப்பார். அதற்கு அப்புறம் நடப்பவற்றைத்தான் நான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கால்களைக் கவனியுங்கள். சாதாரண நடையில் நான்கு குளம்பும் ஒவ்வொன்றாகத் தரையில் படும். டிராட்டில் வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து ஓர் அடி, இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து அடுத்த அடி. நடுவில் ஒரு கணம் நான்கு காலும் தரையில் இருக்காது. அப்படி எழும்பும்போதுதான் குதிரையின் முதுகு உங்களையும் தூக்கிவிடுகிறது. வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆனால் புதியவரைக் கலங்கடிப்பது வேகம் அல்ல, இந்தத் தூக்கல்தான்.

வாரைப் பிடித்து நிமிர்வது

வேறு எந்தத் தப்பையும் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் என்னால் முடியவில்லை.

தூக்கல் தொடங்கியதும் உடம்பு பின்னால் சாயும். கை உடனே எதையாவது பிடிக்கத் தேடும். கையில் ஏற்கெனவே இருப்பது கடிவாள வார். அதை இழுத்து நிமிர்ந்துகொள்கிறார்கள். அந்த வாரின் மறுமுனையில் ஓர் உலோகக் கம்பி இருக்கிறது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி உண்டு. கம்பி அங்கேதான், நாக்கின் மேல் குறுக்காகக் கிடக்கிறது. அந்த இடத்தில் எலும்பை மூடியிருப்பது மெல்லிய தோல் மட்டும்தான். அடிக்கு ஓர் இழுப்பு என்றால், மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை இழுப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

வலித்தால் குதிரை தலையை உயர்த்தும். தலை உயர்ந்தால் முதுகு கீழே அமுங்கி விறைத்துப்போகும். விறைத்த முதுகு இன்னும் மோசமாகத் தூக்கிப்போடும். மேலே இருப்பவர் இன்னும் பலமாக இழுப்பார்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோலாலம்பூருக்குப் பந்தயக் குதிரைகள் புதிதல்ல. 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பழைய மைதானம், இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் ஜாலான் அம்பாங் பக்கம்தான் இருந்தது. அப்புறம்தான் சுங்கை பெசிக்குப் போனது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரப்ரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரைகள் பல, ரைடிங் கற்றுக்கொடுக்கும் லாயங்களுக்கு வந்து சேர்கின்றன. பந்தயத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிப்பார், குதிரை கம்பியின் மேல் சாய்ந்துகொண்டு ஓடும். வாய் இறுகினால் ஓட வேண்டும் என்றுதான் அதற்குப் பழக்கம். நீங்கள் நிறுத்துவதற்காக இழுக்கிறீர்கள், அது வேகத்தைக் கூட்டுகிறது. பயத்தில் மறுபடி இழுக்கிறீர்கள். பலர் கீழே விழுவது இப்படித்தான்.

ஒரு பள்ளி விடுமுறையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வந்தான். நல்ல ஆர்வம். ஆனால் நடையிலேயே இன்னும் சரியாக உட்காரப் பழகவில்லை. வேலிக்கு வெளியே அவன் அம்மா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “டிராட் எப்போ கோச்? பாட்டிக்கு வீடியோ அனுப்பணும்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் ரெண்டு வாரம் நீளக் கயிற்றில் கட்டிச் சுற்றவிடலாம் என்று நான் சொன்னேன். வகுப்பை நடத்தியவர் கேட்கவில்லை. பையன் வகுப்பு முழுக்க வாரில் தொங்கினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பிடித்துக்கொள்ள வேறு எதையும் யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அதே குதிரையை அன்று இன்னும் இருவர் அதே மாதிரி ஓட்டினார்கள்.

மாலையில் கடிவாளத்தைக் கழற்றிய சைஸ் (குதிரைகளைப் பராமரிப்பவர்) என்னைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாருங்க தம்பி.” கம்பியில் ரத்தம். வாய்க்குள் தோல் கிழிந்திருந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, சில வாரங்களுக்குக் கடிவாளமே போடக்கூடாது என்றார். புண் ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் யார் கடிவாளத்தோடு பக்கத்தில் போனாலும் அந்தக் குதிரை தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்கில் ஆயிற்று. ஒரு வீடியோவுக்காக! இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் வார் கட்டச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் அதைப் பிடியுங்கள், இல்லையென்றால் பிடரி மயிரைப் பிடியுங்கள். பிடரியைப் பிடிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கோச் நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்றவிட, நீங்கள் கடிவாள வாரைத் தொடாமலே டிராட் பழகுவது இன்னும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. “கையை ஆட்டாதே” என்று கோச் சொன்னதும் பலர் முழங்கையை இறுக்கிக்கொள்கிறார்கள். இறுகிய முழங்கை தோளோடு சேர்ந்து மேலும் கீழும் போகும், கையும் கூடவே போகும். நடையிலும், டிராட்டைவிட வேகமான கேண்டர் ஓட்டத்திலும் குதிரையின் தலை ஆடும், அதோடு உங்கள் கையும் போக வேண்டும். டிராட்டில் தலை கிட்டத்தட்ட அசையாது. அதனால் உடம்பு ஓர் அடிக்கு எழுந்து அடுத்த அடிக்கு உட்கார்ந்தாலும் கை அதே இடத்தில் நிற்க வேண்டும். எழும்போது முழங்கை விரியட்டும், உட்காரும்போது மடங்கட்டும். சுண்டுவிரலைக் கழுத்து வாரில் லேசாக மாட்டிக்கொண்டு பழகினால் கை எப்போது ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அங்கவடியில் (கால் வைக்கும் வளையத்தில்) எழுந்து நிற்பது

டிராட்டில் எழுவது நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது மாதிரி அல்ல. குதிரையின் முதுகு தூக்குகிறது, நீங்கள் இடுப்பை லேசாக முன்னால் விட்டால் போதும். தேவைக்கு மேல் உயர எழுந்தால் தாளம் தவறி, பொத்தென்று அதன் முதுகில் விழுவீர்கள்.

முழங்காலை இறுக்குவது

இறுக்க இறுக்கச் சேணத்திலிருந்து மேலே பிதுங்குவீர்கள்.

எந்தக் காலுக்கு எழுவது என்று முதல் நாளே குழம்புவது

சமநிலை வந்த பிறகு பழகலாம். வட்டத்தில் போகும்போது, குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னால் போகும் நேரத்தில் எழுங்கள். அப்போதுதான் உட்பக்கப் பின்கால் காற்றில் இருக்கும், உங்கள் எடை இல்லாமல் அதை நன்றாக முன்னால் எடுத்துவைக்க முடியும். திசை மாறினால் ஓர் அடி கூடுதலாக உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தானாக மாறிவிடும். குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், கண்ணை மட்டும் தாழ்த்துங்கள்.

எழாமல் உட்கார்ந்தே டிராட் போக அவசரப்படுவது

இப்போது வேண்டாம்.

வெயிலை மறப்பது

இங்குள்ள பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது, உடம்பு குளிராது. சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். கடுமையான உழைப்புக்குப் பிறகும் தோல் காய்ந்திருந்து, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் உடனே இறங்கி, நிழலில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இன்னும் ஒரு சுற்று என்று கெஞ்சாதீர்கள்.

தலையாட்டலைச் சோம்பல் என்று நினைப்பது

டிராட்டில் தலை அசையாது என்று சொன்னேன் அல்லவா? அடிக்கு அடி தலை ஏறி இறங்கினால் பெரும்பாலும் ஒரு கால் வலிக்கிறது என்று அர்த்தம். நோகும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். கால்நடை மருத்துவர்கள் நொண்டலைக் கண்டுபிடிக்கக் குதிரையை டிராட்டில் ஓடவிட்டுப் பார்ப்பதும் இதனால்தான். புதியவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல், குதிரை சோம்பலாக இருக்கிறது என்று காலால் உதைக்கிறார்கள். உதைக்காதீர்கள். நடைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள், இறங்குங்கள், கோச்சையோ சைஸையோ கூப்பிட்டுக் குளம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் உள்ளே ஒரு சின்னக் கல்தான் மாட்டியிருக்கும்.