ஹாம்லெட்டைப் படிக்கும்போது எதைப் பிடிச்சிட்டுப் போகணும்

ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்தை எடுத்ததும் "அப்பாவைக் கொன்ன சித்தப்பாவை ஹாம்லெட் ஏன் உடனே பழிவாங்கல"ங்கிற கேள்வியோட ஆரம்பிக்காதீங்க, அதுக்குப் பதில் தனியா யோசிச்சா கிடைக்காது. முதல்ல ஒரு பேப்பர்ல ஹாம்லெட், லேயர்டீஸ் (ஹாம்லெட் கையால சாகுற பொலோனியஸோட மகன்), ஃபோர்டின்பிராஸ் (நார்வே இளவரசன்)னு மூணு பேரை எழுதுங்க. மூணு பேருக்கும் அப்பா கொல்லப்பட்டிருக்காரு, ஆளாளுக்கு என்ன செய்றாங்கன்னு ஆக்ட் வாரியா குறிச்சிட்டே வாங்க.

இதுல ரெண்டு சீன் ரொம்ப முக்கியம். மூணாவது ஆக்ட், மூணாவது சீன்ல ஹாம்லெட்டோட சித்தப்பா, அதாவது இப்ப ராஜாவா இருக்கிற கிளாடியஸ் மண்டிபோட்டு ஜெபம் பண்றான், ஹாம்லெட் பின்னாடி வந்து வாளை உருவிட்டு, இப்ப கொன்னா இவன் நேரா சொர்க்கத்துக்குப் போயிடுவானேன்னு திரும்பிப் போயிடுறான். அவன் போனதுக்கப்புறம்தான் கிளாடியஸ் சொல்றான், வார்த்தை மேல போகுது மனசு கீழயே கிடக்குதுன்னு, அதாவது ஜெபமே பலிக்கல, அது நமக்குத் தெரியுது ஹாம்லெட்டுக்குத் தெரியல. இதோட நாலாவது ஆக்ட் கடைசி சீனைச் சேர்த்துப் படிங்க, அங்க லேயர்டீஸ் சர்ச்சுக்குள்ளயே வச்சு ஹாம்லெட் கழுத்தை அறுப்பேன்னு சொல்றான். என்னைக் கேட்டா மொத்த நாடகமும் இந்த ரெண்டு பதிலுக்கு நடுவுலதான் இருக்கு.

ஃபோர்டின்பிராஸுக்கு வரும்போது உங்க பதிப்பைக் கொஞ்சம் செக் பண்ணிக்கோங்க. அவன் படையைப் பார்த்துட்டு ஹாம்லெட் பேசுற நீளமான தனிப்பேச்சு 1604-05ல வந்த பதிப்புல இருக்கு, 1623 பதிப்புல இல்ல.

மோட்டிஃப்னா, அதாவது நாடகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வர்ற படிமம்னா, எல்லாரும் மண்டை ஓட்டைத்தான் சொல்வாங்க. நீங்க காதைப் பின்தொடருங்க. ஹாம்லெட்டோட அப்பாவான பழைய ராஜாவைக் கொன்ன விஷம் காதுல ஊத்தப்படுது, அந்தச் சாவைப் பத்தின பொய்யால டென்மார்க்கோட காதே ஏமாந்து போச்சுன்னு அவரோட ஆவி சொல்லுது, பொலோனியஸ் திரைக்குப் பின்னாடி ஒட்டுக்கேட்டே சாகுறாரு, ஹாம்லெட் பேசுற வார்த்தை கத்தி மாதிரி காதுல இறங்குதுன்னு அவன் அம்மா கெர்ட்ரூட் கதறுறா, கடைசியில இங்கிலாந்துலேர்ந்து வந்த தூதர் சேதி சொல்ல நிக்கும்போது கேட்க வேண்டிய காது செத்துக் கிடக்குது. இதை அடிக்கோடு போட்டுட்டே வந்தாலே விஷம், வேவு, பொய் மூணும் ஒரே சங்கதிதான்னு தானா புரிஞ்சிடும்.

அப்புறம் அந்தப் பேப்பர்ல நாலாவதா பொலோனியஸோட மகள் ஒஃபீலியாவையும் சேர்த்துக்கோங்க, இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. அவளுக்கும் அப்பாவைக் கொன்னுட்டாங்க, ஆனா பழிவாங்குன்னு யாரும் அவகிட்ட சொல்லல, புத்தி பேதலிச்சு பூ குடுக்கிறா, அப்பா செத்தப்பவே வயலட் பூவெல்லாம் வாடிப்போச்சுங்கிறா. அவ தண்ணியில மூழ்கினதை நாம நேர்ல பார்க்கிறதில்ல, கெர்ட்ரூட் கிளை ஒடிஞ்சு விழுந்தான்னு சொல்றா, அடுத்த சீன்ல குழி வெட்டுறவங்க அது தற்கொலைதானேன்னு வாக்குவாதம் பண்றாங்க, பாதிரியாரும் சந்தேகச் சாவுன்னுதான் சொல்றாரு. மூணையும் அடுத்தடுத்து படிச்சிட்டு யார் சொல்றதை நம்புறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, காரணத்தையும் பக்கத்துல எழுதி வைங்க.